டிரங்குப் பெட்டியைப் போனுக்குள் வைக்கலாமா?

போன நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் பற்றி இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதப் போக, தொண்டியில் இருந்து சாயல்குடி வரை கடலோரத்தில் இருக்கிற பட்டாளத்துக்காரர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் அனுப்பிய கடிதங்கள் ஒரு மஞ்சப்பை நிறையச் சேர்ந்துவிட்டன. முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது ஒன்றையேதான்: காகிதங்களை ஆன்லைனில் எப்படிச் சேமிப்பது, வேண்டியவர்களுக்கு எப்படிக் கொடுப்பது. அதனால் இந்த இதழ் முழுக்க அவர்களுக்கு. என் அப்பாவும் மெட்ராஸ் சாப்பர்ஸில் 17 வருஷம் இருந்துவிட்டு வந்தவர், நானும் ரெண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர் நூலகத் திண்ணையில் இவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஆகவே பதிலில் அங்கங்கே கொஞ்சம் திட்டும் கலந்திருக்கும். உரிமையில் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: அக்கா, நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்திருக்கிறேன். எங்கள் ஊரில் ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர்கள் 11 பேருக்கு, பேப்பர்களை ஆன்லைனில் ஏற்றிவைக்கவும் பிள்ளைகளுக்கு அனுப்பவும் சொல்லிக் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். முதல் வகுப்பில் கிளவுட் என்றால் என்ன என்று படம் போட்டு விளக்கினேன், எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டாவது வகுப்புக்கு நாலு பேர்தான் வந்தார்கள். என் தாத்தாவே வரவில்லை. எங்கே தப்பு?
(பெயர் வேண்டாம், உச்சிப்புளி)

ப: படம் போட்டதுதான் தப்பு, தங்கச்சி. ராமநாதபுரத்துக்காரரிடம் போய் ‘மேகத்தில் வைத்தால் பத்திரம்’ என்று சொன்னால் எப்படி நம்புவார்? நம்மூர் மேகம் எந்தக் காலத்தில் சொன்னபடி நின்றிருக்கிறது?

நானும் முதல் மாதம் இதே கூத்தைத்தான் அடித்தேன். அப்புறம் விளக்கத்தையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு, ஆளுக்கு ஒரே ஒரு பொருள் கொண்டு வாருங்கள் என்றேன்: டிஸ்சார்ஜ் புக், பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கிற சர்வீஸ் விவரப் புத்தகம். ஒரு நாயக் தன்னுடையதை ஓலைப்பெட்டியில், இரண்டு பாலிதீன் பை சுற்றி, நடுவில் ஒரு வேட்டித் துணியும் வைத்துக் கொண்டு வந்தார். அவ்வளவு பத்திரம். பிரித்தால், உள்ளே நடுப்பக்கத்தில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, துரு காகிதத்தில் இறங்கி, குடும்ப விவரம் எழுதிய பக்கத்தில் இரண்டாவது மகளின் பிறந்த தேதியைத் தின்றிருந்தது. 19 என்பது தெரிகிறது, அதற்குப் பிறகு பழுப்பு நிறத்தில் ஒரு ஓட்டை. வாடைக்காற்றில் ஜன்னல் கம்பியே பொருக்குப் பொருக்காக உதிர்கிற ஊரில் குண்டூசி கனத்துப் பின் எத்தனை வருஷம் தாங்கும்? அவர் அதை நாலைந்து வருஷமாகத் திறந்தே பார்க்கவில்லையாம், பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில். திண்ணையில் ஒரு சத்தம் இல்லை. எல்லோரும் தங்கள் புத்தகத்தை எடுத்துப் பின்னைத் தடவிப் பார்த்தார்கள். கிளவுட் எதற்கு என்று அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

அந்த ஒரு புத்தகத்தை வைத்தே நாலு வகுப்பு ஓட்டலாம். கூகுள் டிரைவ் ஆப்பிலேயே கேமரா வைத்து ஸ்கேன் செய்யும் வசதி இருக்கிறது, தனி ஆப் எதுவும் ஏற்றச் சொல்லாதே, விளம்பரத்தை அழுத்திவிட்டு நிற்பார்கள். பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு, வெயில் நேராக விழாத வெளிச்சத்தில், புத்தகத்துக்கு நேர் மேலே போனைப் பிடித்து ஒவ்வொரு பக்கமாக எடுத்தால் எல்லாம் சேர்ந்து ஒரே பிடிஎஃப் ஆகிவிடும். பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். மைக்கைத் தொட்டு ‘டிஸ்சார்ஜ் புக்’ என்று சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும், தேடும்போதும் அதேபோல் வாயால் சொல்லித் தேடலாம். இதைக் காட்டியபோது 74 வயது ஆர்ட்டிலரிக்காரர் ஒருவர் பரேட் கிரவுண்டில் கத்துகிற குரலில் ‘பென்ஷன்!’ என்று கத்தினார், போன் கேட்டுக்கொண்டது, பக்கத்துத் தெருவுக்கும் கேட்டது.

போனை அவர்கள் கையில் இருந்து வாங்காதே. இது ரொம்ப முக்கியம். நீ வாங்கினால் பத்து விநாடியில் செய்து கொடுத்துவிடுவாய், அவரும் சபாஷ் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், வீட்டுக்குப் போனால் ஒன்றும் வராது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல். அவர்கள் விரல் காய்ப்பு ஏறிய விரல், துப்பாக்கியும் மண்வெட்டியும் பிடித்தது. தொடுவதற்குப் பதில் அழுத்திப் பிடிப்பார்கள், அழுத்திப் பிடித்தால் ஃபைல் திறக்காமல் தேர்வாகி நிற்கும், மேலே வேறு என்னென்னவோ பட்டன்கள் வரும், உடனே ‘கெட்டுப்போச்சு’ என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். சாமி விளக்கில் சூடு பார்க்கிற மாதிரி தொட்டுத் தொட்டு எடுங்கள் என்று சொல்லிப் பார், பிடிபடும்.

அப்புறம் பயம். எதையாவது அழுத்தி எல்லாம் அழிந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு, வெளியே சொல்ல மாட்டார்கள். அதனால் இரண்டாவது வகுப்பிலேயே வேண்டுமென்றே ஒரு ஃபைலை அழிக்கச் சொல். டிரைவில் அழித்தது 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அங்கே போய் அவர்கள் கையாலேயே திரும்ப எடுக்கட்டும். அதைச் செய்த அன்றைக்குத்தான் முகத்தில் இறுக்கம் போகும்.

பகிர்வதில் பார்ப்பவர், திருத்துபவர் என்று வேறுபாடு இருப்பதைப் புரியவைக்க நீ கஷ்டப்படவே வேண்டாம். பட்டாளத்தில் எந்தக் கடிதமும் இன்னாருக்கு நடவடிக்கைக்கு, இன்னாருக்குத் தகவலுக்கு என்று பிரித்துத்தான் போகும். அதேதான் சார் இது என்றால் அரை நிமிஷத்தில் முடிந்தது. சிக்கல் வேறு இடத்தில். சேமிக்க ஒரு மாதத்தில் கற்றுக்கொள்கிறவர்கள், வீட்டில் இருக்கிறவர்களோடு பகிர வருஷக்கணக்கில் இழுக்கிறார்கள். கேட்டால் ‘அவளுக்கு எதுக்கு இதெல்லாம்’ என்பார்கள். யாரிடமும் சொல்லாமல் இருப்பதையே இருபது வருஷம் ஒழுக்கமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள், அது சட்டையைக் கழற்றியதும் போய்விடுமா? ஆகவே மூன்றாவது வகுப்புக்கு வீட்டம்மாக்களையும் கூப்பிடு. எங்கள் திண்ணையில் முதல் நாள் மூன்று பேர் முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள், பரவாயில்லை.

தாத்தா விஷயம்: அவர் சுபேதாரா இருந்தாரா? அந்த 11 பேரில் அவருக்குக் கீழே வேலை பார்த்த சிப்பாய் யாராவது இருக்கிறாரா என்று விசாரி. அவர் முன்னால் ‘எனக்குத் தெரியலை’ என்று சொல்லத் தாத்தாவுக்கு வாய் வராது. சாயந்திரம் வீட்டில் தனியாகப் பிடி. இன்னொன்று, மிலிட்டரி கேன்டீனில் சரக்கு வருகிற நாளில் மட்டும் வகுப்பு வைக்காதே, ராணுவ அமைச்சரே வந்து பாடம் எடுத்தாலும் ஆள் வராது.

கே: எனக்கு நானே வாட்ஸ்அப்பில் அனுப்பி எல்லாப் பேப்பரையும் வைத்திருக்கிறேன். தேடினால் கிடைக்கிறது. இப்போது பேரன் டிரைவுக்கு மாறச் சொல்கிறான். ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்த வேண்டும்?
(முன்னாள் சுபேதார், சாயல்குடி)

ப: பேரன் சொல்வதைக் கேளுங்கள், சாப். வாட்ஸ்அப் தபால்காரர் மாதிரி, வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், அவர் பையில் சொத்துப் பத்திரத்தை வைக்க முடியாது. நீங்கள் அனுப்பியது உங்கள் போனில் இருக்கிற வரைக்கும்தான் இருக்கும். போன் வல்லத்தில் இருந்து தண்ணீரில் விழுந்தால், பேக்கப் எடுத்திருந்தால் ஒழிய, அதோடு சரி.

இன்னொன்றைச் சோதித்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பிய பிபிஓவை, அதாவது பென்ஷன் உத்தரவை, பெரிதாக்கி அந்த ரப்பர் ஸ்டாம்பைப் படியுங்கள். நீல நிறத்தில் கட்டெறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், ஏனென்றால் ஃபோட்டோவாகப் போனால் அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். ஓர் அலுவலகத்தில் இதே காரணத்துக்காக எங்கள் வகுப்புக்காரர் ஒருவரை மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள், நான்காவது தடவைதான் காரணத்தையே சொன்னார்கள். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் பேப்பர் கிளிப் அடையாளத்தைத் தொட்டு, ‘டாக்குமென்ட்’ என்பதில் போய் அனுப்புங்கள், சுருங்காது. வைத்துக்கொள்வதற்கு டிரைவ், அனுப்புவதற்கு வாட்ஸ்அப். வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை, ஸ்டெப்னி ஒன்று வாங்கச் சொல்கிறான்.

கே: அம்மா, என் வீட்டுக்காரர் மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து வந்தவர். நாலு மாதம் முன்னால் தவறிவிட்டார். ‘எல்லாத்தையும் போன்ல ஏத்திட்டேன், இனி உனக்குக் கவலை இல்லை’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போது போன் பூட்டிக் கிடக்கிறது, நம்பர் யாருக்கும் தெரியவில்லை. மகன் கடையில் கொடுத்து ஓப்பன் பண்ணிவிடலாம் என்கிறான். ஃபேமிலி பென்ஷனும் இன்னும் வரவில்லை.
(தொண்டி)

ப: கடையில் கொடுக்காதீர்கள் அக்கா. கடைக்காரர் போனைத் திறந்து தருவார், உள்ளே இருப்பதை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் திறந்து தருவார். போன் உயிரோடு வரும், நீங்கள் தேடுவது வராது. இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று: அவர் சிம்முக்கு ரீசார்ஜ் போடுங்கள். ரீசார்ஜ் இல்லாமல் சில மாதம் விட்டால் அந்த எண் முடங்கி, பிறகு வேறு யாருக்கோ போய்விடும். ஓடிபி எல்லாம் அதில்தான் வரும். அவர் மகனுடைய லேப்டாப்பிலோ பழைய போனிலோ தன் ஜிமெயிலைத் திறந்து வைத்திருந்தாரா என்றும் பாருங்கள், அப்படி இருந்தால் பாதிக் கதவு திறந்த மாதிரி. எதுவும் இல்லை என்றால், இறந்தவர் கணக்கில் இருக்கிற ஃபைல்களைக் கேட்டுக் குடும்பத்தார் கூகுளுக்கே விண்ணப்பிக்க வழி இருக்கிறது. பாஸ்வேர்டைத் தர மாட்டார்கள், ஃபைல்களைத் தருவதா என்பதையும் ஆவணங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், நாளாகும்.

ஆனால் பென்ஷனுக்காகப் போன் திறக்கட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பென்ஷன் அந்தப் போனுக்குள் இல்லை. அவருடைய ஆர்மி நம்பர் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வரும். கேன்டீன் கார்டு, இசிஎச்எஸ் என்கிற மருத்துவத் திட்டக் கார்டு, பழைய கடிதம் எதிலாவது இருக்கும். ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் அவர் மெடலை எடுத்து விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், நம்பரும் பெயரும் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். அதோடு இறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், அவர் பென்ஷன் வந்த பாஸ்புக், இவற்றை எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு ரெக்கார்ட் ஆபீஸ் நீலகிரியில் வெலிங்டன், அங்கே உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா, ஸ்பெல்லிங் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்பதை நல அலுவலகம் மூலமாகக் கேட்கலாம். பெயர் பிபிஓவிலேயே இருந்தால் வேலை சுலபம். அவர் பென்ஷன் ஸ்பர்ஷ் என்கிற ஆன்லைன் பென்ஷன் முறைக்கு மாறியிருந்தால் இறப்பை அதில் தெரிவிக்க வேண்டும். பிரயாக்ராஜில் இருக்கிற பென்ஷன் கணக்கு அலுவலகம்தான் அதை நடத்துகிறது என்றாலும், பக்கத்துப் பொது சேவை மையத்தில் உட்கார்ந்தே செய்யலாம். தனியாகப் போகாதீர்கள், மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்ற பட்டாளத்து ஐயாமார்களுக்கு: ‘ஏத்திட்டேன்’ என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். எங்கே ஏற்றினீர்கள், எப்படித் திறப்பது என்பது இன்னொரு ஆளுக்குத் தெரியாத வரை, நீங்கள் ஏற்றியதும் கடலில் போட்டதும் ஒன்று. வீட்டம்மாவுக்கு ஒரு ஜிமெயில் ஆரம்பித்து, பென்ஷன் ஃபோல்டரை அவர் பெயருக்கு இப்போதே பகிர்ந்துவிடுங்கள். கூகுளில் ‘இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்’ என்று ஒன்று இருக்கிறது, 3 மாதத்தில் இருந்து 18 மாதம் வரை நீங்கள் குறிக்கிற காலத்துக்கு உங்கள் கணக்கில் நடமாட்டமே இல்லை என்றால், நீங்கள் பெயர் கொடுத்தவர்களுக்கு அதுவே தகவல் அனுப்பி ஃபைல்களை எடுக்கவிடும், 10 பேர் வரை சொல்லிவைக்கலாம். சும்மா விட்டால் என்ன ஆகும் தெரியுமா? 2 வருஷம் தொடாமல் கிடக்கிற கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம், விதியிலேயே இருக்கிறது.

கடைசியாக ஒரு காகிதம். காகிதத்தை ஒழிக்கத்தானே ஆன்லைன் என்று கேட்பீர்கள், இந்த ஒன்று மட்டும் வேண்டும். ஜிமெயில் முகவரி, போன் பூட்டின் நம்பர், ஓடிபி வராதபோது கணக்கைத் திறக்கக் கூகுள் தருகிற 10 பேக்கப் கோடுகள், இவற்றை எழுதி லேமினேட் செய்து பீரோவில் சேலைக்கு அடியில் வையுங்கள். ஏடிஎம் நம்பரை அதில் எழுத வேண்டாம். வைத்த இடத்தை வாயைத் திறந்து சொல்லுங்கள்.

கே: மேடம், நான் துபாயில் இருக்கிறேன். வாப்பா ஏர்ஃபோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். டிரைவ் கற்றுக்கொண்டதில் இருந்து எல்லாவற்றுக்கும் லிங்க் அனுப்புகிறார், எனக்கு மட்டும் இல்லை, பழைய நண்பர்கள் குரூப்பிலும். போன வாரம் அவர் அனுப்பிய லிங்கைத் திறந்தால் உள்ளே ஆதார், பாஸ்புக், வீட்டுப் பத்திரம் எல்லாம் இருந்தது. சொன்னால் கோபப்படுகிறார்.
(கீழக்கரை வாசகர்)

ப: தம்பி, வாப்பா ஒரே ஒரு ஃபைலைக் காட்டத்தான் நினைத்திருப்பார். செய்தது, அந்த ஃபைல் இருந்த ஃபோல்டரைப் பகிர்ந்தது. ஃபோல்டரைப் பகிர்ந்தால் உள்ளே இருப்பது எல்லாமே போகும், நாளைக்கு அதற்குள் புதிதாகப் போடுவதும் தானாகப் போகும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் விழுகிற குழி இதுதான். அதற்கு மேல் ‘லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்’ என்றும் வைத்திருக்கிறார், அப்புறம் அந்த லிங்க் யார் கைக்குப் போனாலும் கதவு திறக்கும். குரூப்பில் 200 பேர் இருந்தால் அத்தனை பேரும் உத்தமர்களாகவே இருக்கட்டும், அவர்கள் போனை நோண்டுகிற பேரப்பிள்ளைகளுக்கு யார் ஜவாப்?

வீடியோ காலில் வந்து, அவரையே செய்யவிட்டு, ஷேர் பக்கத்தில் கீழே இருக்கிற அந்த வரியை ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய நிமிஷத்தில் பழைய லிங்க் மற்றவர்களுக்குத் திறக்காது. அதற்குள் யாராவது இறக்கி வைத்திருந்தால் அதை மட்டும் திரும்ப வாங்க முடியாது. பிறகு உங்கள் ஜிமெயில் முகவரியைப் போட்டு, பார்ப்பவராக மட்டும் சேர்க்கட்டும். ஆதார் யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மாதிரி மறைத்த ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், டிரைவிலும் அதையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கோபம் பற்றி: ‘தப்பு செஞ்சுட்டீங்க வாப்பா’ என்று ஆரம்பித்தால் இந்த ஜென்மத்தில் கேட்க மாட்டார். ‘கேட் பாஸ் இல்லாம எல்லாரும் உள்ள வர்றாங்க வாப்பா, ஒரு சென்ட்ரி போடுங்க’ என்று சொல்லிப் பாருங்கள்.

கே: பென்ஷன் நின்றுவிடும், உடனே இந்த ஆப்பை ஏற்றுங்கள் என்று ஒரு ஃபைல் எங்கள் ரெஜிமென்ட் குரூப்பில் வந்தது. கடைசியில் ஏபிகே என்று இருக்கிறது. ஏற்றலாமா?
(மண்டபம்)

ப: வேண்டவே வேண்டாம். ஏபிகே என்றால் பிளே ஸ்டோர் வழியாக வராமல் நேராகப் போனில் ஏற்றுகிற ஆப் ஃபைல். பென்ஷன் அலுவலகம் வாட்ஸ்அப்பில் ஆப் அனுப்பாது. அனுப்பியவர் உங்கள் பழைய கம்பெனி ஹவில்தார் மேஜராகவே இருந்தாலும் சரி, அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். யாராவது ஏற்றிப் பணம் போயிருந்தால் யோசித்துக்கொண்டு நிற்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யச் சொல்லுங்கள், முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை மடக்க வாய்ப்பு அதிகம்.

கே: டிஜிலாக்கர் இருக்கும்போது தனியாக டிரைவ் எதற்கு?
(தேவிபட்டினம்)

ப: நல்ல கேள்வி. 2015இல் மத்திய அரசு தொடங்கியது டிஜிலாக்கர். அதில் இரண்டு அறை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதார், டிரைவிங் லைசென்ஸ் மாதிரி அந்தந்தத் துறையே நேராகப் போடுகிற காகிதங்கள் ஓர் அறையில், அவை அசலுக்குச் சமம் என்று சட்ட விதியே இருக்கிறது, போலீஸ்காரர் கேட்டாலும் காட்டலாம். இன்னோர் அறையில் நீங்களே ஸ்கேன் செய்து போடுவது, 1 ஜிபி வரை. இது வெறும் நகல்தான், அசலுக்குச் சமம் ஆகாது. உங்கள் டிஸ்சார்ஜ் புக்கை நீங்கள் ஏற்றினால் அது இரண்டாவது அறைக்குத்தான் போகும், அதைக் காட்டி ‘இதோ அசல்’ என்று எந்த அலுவலகத்திலும் வாதாடாதீர்கள். குடும்பப் படம், பழைய கடிதம், ஆஸ்பத்திரி சீட்டு, மகளோடு சேர்ந்து பார்க்க வேண்டிய ஃபோல்டர் இதற்கெல்லாம் டிரைவ்தான் வசதி. ரெண்டும் இருக்கட்டும். அசல் புக்கையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பின்னை மட்டும் பிடுங்கிவிட்டு நூலால் தைத்து வையுங்கள்.

கே: கூகுளில் இடம் தீர்ந்துவிட்டது, மெயில் வராது என்கிறது. காசு கட்டச் சொல்கிறது. நான் மொத்தமே 20 பேப்பர்தான் ஏற்றியிருக்கிறேன்.
(பாம்பன்)

ப: 20 பேப்பர் 15 ஜிபியைத் தின்னாது ஐயா. அந்த 15 ஜிபிதான் டிரைவ், ஜிமெயில், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து, இப்போது ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே கணக்கில்தான். தினமும் காலையில் வருகிற குட்மார்னிங் வீடியோ, முருகன் வீடியோ, புதுப் பாலம் தூக்குகிற வீடியோ, எல்லாம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்காதே என்று ஒரு பட்டன் இருக்கும், அதை மாற்றுங்கள். காசு கட்ட வேண்டாம். பாலம் எங்கேயும் போகாது, நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கே: ரிட்டயர் ஆன பிறகு உப்பளத்தில் வேலை பார்க்கிறேன். லைஃப் சர்டிபிகேட்டுக்குக் கைரேகை விழவே மாட்டேன் என்கிறது.
(வாலிநோக்கம்)

ப: உப்பில் நின்ற கைக்கு ரேகை எங்கே இருக்கும்? முகத்தை வைத்தே போடலாம், ஜீவன் பிரமாண் ஆப்பும் ஆதார் முக ஆப்பும் ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரில் இருந்து ஏற்றினால் போதும், வீட்டிலேயே முடியும். முடிந்ததும் வருகிற பிரமாண் எண்ணையும் சான்றிதழையும் அந்த வருஷத்தைப் பெயரில் போட்டு டிரைவில் வைத்துவிடுங்கள், பென்ஷன் நின்றால் கையில் அத்தாட்சி இருக்கும்.

கே: 1987இல் இலங்கைக்குப் போன அமைதிப் படையில் நானும் இருந்தேன். அந்தக் காலத்து ஆல்பமும், வீட்டுக்கு எழுதிய இன்லேண்ட் கடிதங்களும் இருக்கின்றன. ஆல்பத்தில் படங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. பேரப்பிள்ளைகளுக்காக இவற்றை ஏற்றலாமா? தடை ஏதும் உண்டா?
(தங்கச்சிமடம்)

ப: உங்கள் படம், நண்பர்கள் படம், வீட்டுக்கு எழுதிய கடிதம் இவற்றைக் குடும்பத்துக்குள் பகிர்ந்து வைப்பதில் தடை இல்லை. ஆனால் ஆல்பத்துக்குள் வரைபடம், உத்தரவு, சிக்னல் தாள் எதாவது செருகியிருந்தால் அதை எங்கேயும் ஏற்றாதீர்கள், 1923ஆம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டம் ஓய்வு பெற்றவரையும் விடாது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேரன் சொல்கிறான் என்று ஃபேஸ்புக்கில் எல்லோரும் பார்க்கிற மாதிரிப் போடவும் வேண்டாம், படத்தில் உங்களோடு நிற்கிறவர்களின் குடும்பத்தைக் கேட்காமல் செய்கிற காரியம் இல்லை அது.

ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், முகம் பிளாஸ்டிக்கோடு வந்துவிடும், எங்கள் அப்பா படத்தில் ஒன்று அப்படிப் போனது. ஆல்பத்தோடு அப்படியே எடுங்கள். காலை 8 மணிக்கு முன்னால், திண்ணை நிழலில், ஃபிளாஷ் இல்லாமல், பளபளப்பு விழுந்தால் ஆல்பத்தைத்தான் சாய்க்க வேண்டும், போனைச் சாய்க்கக் கூடாது. கடிதத்துக்கு மடிப்பைப் பிரித்துக் கண்ணாடித் துண்டு ஒன்றை மேலே வைத்து எடுத்தால் நேராக விழும், முகவரிப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள், 56 ஏபிஓ என்கிற பட்டாளத்துத் தபால் முகவரி என்றால் என்ன என்று பேரன் கேட்பான், அதிலேயே ஒரு சாயந்திரம் ஓடிவிடும். ஏற்றும்போது ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள், தனுஷ்கோடிப் பக்கம் போனால் உங்கள் போன் மறுபடியும் இலங்கைக்குப் போய் நிற்கும், இந்தத் தடவை பில் உங்களுக்கு வரும்.

ஒட்டாமல் தளர்வாக இருக்கிற படங்கள் சில இருக்கும் இல்லையா, அவற்றை முன்பக்கம் எடுத்ததும் வைத்துவிடாமல் திருப்பிப் பின்பக்கத்தையும் எடுங்கள். யார் யார் என்று பென்சிலில் எழுதிய பெயர்கள் அங்கேதான் இருக்கும்.